ஸ்காட்லாந்து பிரியுமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்காட்லாந்து பற்றிச் செய்தி வந்தாலே என்னிடம் வரும் முதல் கேள்வி: "அதான் 2014இல் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்றுவிட்டார்களே, இன்னுமா?" இன்னும்தான். எத்தனை பேருக்கு ஐக்கிய இராச்சியத்திலிருந்து, அதாவது பிரிட்டனிலிருந்து, பிரிய வேண்டும் என்பது வழக்கில் பாதிதான். அந்தக் கேள்வியை மக்களிடம் மறுபடி கேட்க யாருக்கு அதிகாரம் என்பது மறுபாதி. இன்றைக்குச் சண்டை பெரும்பாலும் அந்த மறுபாதியில்தான் நடக்கிறது.

ஸ்காட்லாந்து ஒரு நாடா, நம் ஊர் மாநிலம் மாதிரியா?

கொஞ்சம் அது, கொஞ்சம் இது. கால்பந்தில் தனி அணி உண்டு, ஐ.நா.வில் தனி இருக்கை கிடையாது. மக்கள்தொகை சுமார் 54 லட்சம். இங்கிலாந்தோடு சேர்ந்த பிறகும் தனிச் சட்டமுறை, தனி நீதிமன்றங்கள், தனித் திருச்சபை, தனிக் கல்விமுறை எல்லாவற்றையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். 1999 முதல் தலைநகர் எடின்பரோவில் 129 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றம் இருக்கிறது. மருத்துவம், கல்வி, காவல்துறை, வருமான வரி விகிதம் ஆகியவை அங்கே முடிவாகின்றன. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம், அரசமைப்பு ஆகியவை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில், பிரிட்டன் முழுவதற்குமான நாடாளுமன்றத்தில். கடைசியாகச் சொன்ன 'அரசமைப்பு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நம் மாநிலங்களின் அதிகாரங்கள் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து நாடாளுமன்றமோ 1998ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் போட்ட ஒரு சாதாரணச் சட்டத்தால் உண்டானது. அது நிரந்தரமானது என்று 2016இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். அந்த நிரந்தரத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டரின் சட்டம்தான் பிணை.

இங்கிலாந்து படையெடுத்துப் பிடித்ததா?

இல்லை. பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். 1603இல் இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத் வாரிசில்லாமல் இறந்தபோது, ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ்தான் தெற்கே போய் அந்த அரியணையிலும் அமர்ந்தார். மன்னர் ஒருவர், நாடுகள் இரண்டு. நூறாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது.

1690களின் இறுதியில் ஸ்காட்லாந்து தனக்கென ஒரு காலனி வேண்டும் என்று பனாமா நிலவிடுக்கில் இருக்கும் டேரியனுக்குக் கப்பல்களை அனுப்பியது. ஊர் ஊராகப் பங்குப்பணம் திரட்டி, சின்ன வியாபாரிகள்கூடச் சேமிப்பைக் கொட்டினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலிலும் பசியிலும் மாண்டார்கள். ஸ்பெயின் எதிர்த்தது, இங்கிலாந்து உதவ மறுத்தது. நாட்டின் ரொக்கத்தில் பெரும்பங்கு கரைந்தது. சில ஆண்டுகளில் ஒன்றிய ஒப்பந்தம் வந்தபோது அதில் 3,98,085 பவுண்டு இழப்பீடும் சேர்ந்தே வந்தது. அதில் ஒரு பங்கு டேரியன் பங்குதாரர்களுக்கு. 1707 ஜனவரியில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன்னையே கலைத்துக்கொள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. வெளியே எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கலவரம். மே 1 அன்று இரு நாடுகளும் ஒன்றாயின.

ஆக, விற்றார்களா, விரும்பிச் சேர்ந்தார்களா? கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் காசு வாங்கினார்கள், சிலர் உண்மையாகவே நம்பினார்கள். பிறகு பேரரசின் கப்பல், புகையிலை, சர்க்கரை, சணல் வியாபாரத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கொழித்ததும் உண்மை. நம் ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் படை நடத்தியவர்களிலும் ஆட்சி செய்தவர்களிலும் அவர்கள் ஏராளம். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். "நாங்களும் ஒரு காலனி" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அப்புறம் என்னதான் குறை?

ஓர் அஞ்சல் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். 1952இல் இளவரசி எலிசபெத் அரியணை ஏறியபோது 'இரண்டாம் எலிசபெத்' ஆனார். ஸ்காட்லாந்தில் கேட்டார்கள்: "இரண்டாமவரா? முதலாம் எலிசபெத் எங்களை ஆளவே இல்லையே?" எடின்பரோவின் இன்ச் என்ற புதுக் குடியிருப்பில் அரசியின் எழுத்துகளோடு 'இரண்டு' என்ற ரோமானிய எண்ணும் பொறித்த சிவப்பு அஞ்சல் பெட்டியை நட்டார்கள். அதன்மேல் தார் பூசினார்கள், சுத்தியலால் அடித்தார்கள். கடைசியில் 1953 பிப்ரவரியில் யாரோ வெடிவைத்தே தகர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஸ்காட்லாந்தில் வைத்த அஞ்சல் பெட்டிகளில் அந்த எண் கிடையாது. ஸ்காட்லாந்தின் மணிமுடிச் சின்னம் மட்டும்தான்.

இதே விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. வழக்குத் தோற்றது. ஆனால் தீர்ப்பெழுதிய கூப்பர் பிரபு போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தார்: நாடாளுமன்றத்துக்கு வரம்பற்ற இறைமை என்பது இங்கிலாந்தின் கோட்பாடு, ஸ்காட்லாந்து அரசமைப்பில் அதற்கு இணையானது இல்லை. எழுபது ஆண்டுகளாக விடுதலைக் கட்சிக்காரர்கள் அந்த வரியைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள்.

குறை என்பது இதுதான். வறுமையோ ஒடுக்குமுறையோ பெரிதாக இல்லை. இருவரும் சமமாகச் சேர்ந்தோம் என்று ஒரு பக்கம் நினைக்கிறது, நீ என்னில் ஒரு பகுதி என்று மறுபக்கம் நடந்துகொள்கிறது. அதோடு எண்ணிக்கை: வெஸ்ட்மின்ஸ்டரின் 650 இடங்களில் ஸ்காட்லாந்துக்கு இன்று 57. ஸ்காட்லாந்து யாருக்கு வாக்களித்தாலும் பெரும்பாலும் இங்கிலாந்து தேர்ந்தெடுத்த ஆட்சிதான் வரும். பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்தில் இது நெருப்பாயிற்று. ஆளுக்கு இவ்வளவு என்ற தலைக்கட்டு வரியை இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாக, 1989இல், ஸ்காட்லாந்தில் கொண்டுவந்தார்கள். 1997 தேர்தலில் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அங்கே ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

1979இலேயே ஒரு வாக்கெடுப்பு நடந்ததாமே?

அது விடுதலைக்கானது அல்ல, எடின்பரோவில் ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்பதற்கு. வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் 'வேண்டும்' என்றார்கள். ஆனாலும் தோற்றது! மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினராவது ஆதரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு திருத்தத்தைச் செருகியிருந்தார்கள். கிடைத்தது 32.9. பட்டியலில் பெயர் நீக்கப்படாத செத்தவர்களும் 'வேண்டாம்' கணக்கில் சேர்ந்தார்கள் என்று இன்றும் கசப்போடு சொல்வார்கள். கோபத்தில், விடுதலை கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் (எஸ்.என்.பி.) 11 வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர்களும் லேபர் ஆட்சிக்கு எதிராக வாக்களிக்க, ஒரே வாக்கு வித்தியாசத்தில் ஆட்சி கவிழ்ந்து, அடுத்த தேர்தலில் வந்தவர் தாட்சர். 11 பேர் இருந்த எஸ்.என்.பி. 2 ஆனது. சொந்தச் செலவில் சூனியம்.

1997இல் மறுபடி கேட்டபோது அந்த 40 விழுக்காட்டு விதி இல்லை. 74.3 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள்.

2014இல் என்ன கேட்டார்கள், யார் வாக்களித்தார்கள்?

2011 தேர்தலில் எஸ்.என்.பி. 129இல் 69 இடங்களைப் பிடித்தது. எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை எளிதில் கிடைக்காதபடி வடிவமைத்த தேர்தல் முறையில் அது பெரிய ஆச்சரியம். 2012 அக்டோபரில் பிரதமர் டேவிட் கேமரனும் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தை லண்டன் தற்காலிகமாக எடின்பரோவுக்குக் கொடுத்தது. 1998 சட்டத்தின் 30ஆம் பிரிவின்கீழ் கொடுத்ததால் அதை 'பிரிவு 30 ஆணை' என்பார்கள்.

கேள்வியில்கூடச் சுவாரசியம் உண்டு. "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றுதான் சால்மண்ட் கேட்க நினைத்தார். 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்றாலே ஆமாம் சொல்லத் தோன்றும் என்று தேர்தல் ஆணையம் மறுத்தது. "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்று சுருங்கியது.

வாக்குரிமை வசிப்பிடத்தைப் பொறுத்தது, பிறப்பையோ இரத்தத்தையோ பொறுத்தது அல்ல. எனக்கு இந்த வாக்கெடுப்பில் மிகவும் பிடித்தது இதுதான். 16 வயது ஆனவர்களும் வாக்களித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தவரும் காமன்வெல்த் நாட்டவரும் ஸ்காட்லாந்தில் முறைப்படி குடியிருந்தால் வாக்களிக்கலாம். அதாவது எடின்பரோவில் குடியிருந்த, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த தமிழர் ஒருவருக்கும் கிளாஸ்கோவில் இருந்த இலங்கைக் குடிமகன் ஒருவருக்கும் வாக்கு இருந்தது. எடின்பரோவிலேயே பிறந்து விடுதலைக்காக ஆயுள் முழுக்கக் குரல் கொடுத்த நடிகர் ஷான் கானரிக்கு வாக்கு இல்லை, வெளிநாட்டில் வசித்ததால்.

வாக்கெடுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு ஒரு கருத்துக்கணிப்பு 'வேண்டும்' பக்கம் 51 என்று காட்டியது. லண்டனுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு வடக்கே ஓடினார்கள். கூடுதல் அதிகாரம் தருவதாக மூவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி டெய்லி ரெக்கார்ட் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது.

செப்டம்பர் 18 அன்று 84.6 விழுக்காடு வாக்குப்பதிவு. 'வேண்டாம்' 20,01,926 வாக்குகள், 55.3 விழுக்காடு. 'வேண்டும்' 16,17,989 வாக்குகள், 44.7 விழுக்காடு. மறுநாள் காலை கேமரன் வாசலில் நின்று பேசியபோது, இங்கிலாந்து விவகாரங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களே வாக்களிக்கும் முறை வேண்டும் என்று ஆரம்பித்தார். முந்தின நாள்வரை 'எங்களோடு இருங்கள்' என்று கெஞ்சியவர். ஆறிக்கொண்டிருந்த புண்ணை அவரே சொறிந்துவிட்டார் என்பேன். எட்டே மாதத்தில், 2015 மேயில், வெஸ்ட்மின்ஸ்டருக்கான 59 ஸ்காட்லாந்து இடங்களில் 56ஐ எஸ்.என்.பி. அள்ளியது.

"ஒரு தலைமுறைக்கு ஒரு முறைதான்" என்று அவர்களே சொன்னார்களே?

சொன்னார்கள், சால்மண்டும் சொன்னார், அவருக்குப் பின் முதலமைச்சரான நிக்கோலா ஸ்டர்ஜனும் சொன்னார். மறுக்க முடியாது. ஆனால் எடின்பரோ ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை. பிறகு நிலைமையே மாறிவிட்டது என்பது அவர்கள் வாதம். அந்த மாற்றத்தின் பெயர் பிரெக்ஸிட், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனின் வெளியேற்றம்.

பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் வெளியே போவீர்கள் என்று 2014இல் பயமுறுத்தினார்கள். 'வேண்டாம்' என்று சொல்லி ஐக்கிய இராச்சியத்தில் இருந்தார்கள். 2016 ஜூனில் ஸ்காட்லாந்தின் 62 விழுக்காட்டினர், 32 உள்ளாட்சிப் பகுதிகளிலும் பெரும்பான்மையாக, ஐரோப்பாவிலேயே இருப்போம் என்று வாக்களித்தார்கள். இருந்தும் வெளியே இழுக்கப்பட்டார்கள். இந்த வாதத்துக்கு லண்டனிடமிருந்து நேர்மையான பதில் ஒன்றுதான் வர முடியும்: அது நாடு முழுவதற்குமான வாக்கெடுப்பு, நீங்கள் அதில் ஒரு பங்கு. மறுபடி அதே இடம். நாடு என்றால் எது?

அப்படியானால் அவர்களே வாக்கெடுப்பு நடத்திக்கொள்ள வேண்டியதுதானே?

முயன்றார்கள். பிரிவு 30 ஆணை கேட்டு லண்டன் மறுத்தபின், 2023 அக்டோபர் 19 அன்று நடத்துவோம் என்று ஸ்டர்ஜன் நாள் குறித்தார். தன்னிடம் அதிகாரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத்தையே கேட்டார். வாதம் நயமானது: இந்த வாக்கெடுப்பு எதையும் சட்டப்படி மாற்றாது, வெறும் கருத்துக் கேட்பு, ஆகவே வெஸ்ட்மின்ஸ்டருக்கென ஒதுக்கிய 'அரசமைப்பு' அதிகாரத்துக்குள் வரும் 'ஒன்றியம்' (இங்கிலாந்தோடான இணைப்பு) என்பதை இது தொடவில்லை.

2022 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மறுத்தார்கள். முடிவு கட்டாயமில்லை என்றாலும் அதன் அரசியல் விளைவு சாதாரணமானதல்ல, எனவே அது ஒன்றியத்தைப் பற்றியதுதான் என்றார்கள். தீர்ப்பை வாசித்த நீதிமன்றத் தலைவர் ரீட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர்.

எஸ்.என்.பி. தன் சார்பில் சுயநிர்ணய உரிமையையும் எழுப்பியது. அதற்கு நீதிமன்றம், பிரிவினைக் கோரிக்கை எழுந்த கனடா மாகாணமான கியூபெக் பற்றிக் கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னதை எடுத்துக்காட்டியது. அந்த உரிமை காலனிகளுக்கும், அந்நியப் படைகளின் பிடியில் இருப்பவர்களுக்கும், ஆட்சியில் பங்கே மறுக்கப்பட்டவர்களுக்கும்தான் பொருந்தும். ஸ்காட்லாந்து இதில் எதுவுமில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே கனடாத் தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை பிரிவினையை ஆதரித்தால், மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் அப்படி ஒரு கடமையை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

வட அயர்லாந்துக்கு மட்டும் வழி இருக்கிறதாமே?

இருக்கிறது. 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி, பெரும்பான்மை அயர்லாந்தோடு சேர விரும்பக்கூடும் என்று தோன்றினால் பொறுப்பு அமைச்சர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எப்போது தோன்றும் என்பது அமைச்சர் கையில் என்றாலும், விதி என்று ஒன்று இருக்கிறது. முப்பதாண்டு குண்டுவெடிப்புக்குப் பிறகு கிடைத்த விதி அது. யாரையும் சுடாத ஸ்காட்லாந்துக்கு அதுவும் இல்லை. இதை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். நான் சொல்லிவிட்டேன்.

பிரிந்தால் பிழைக்க முடியுமா?

பிழைக்கலாம். டென்மார்க், நார்வே, அயர்லாந்து எல்லாம் அதே அளவு மக்கள்தொகை கொண்ட நாடுகள்தான். முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் கடினம், அதைப் பற்றித்தான் விடுதலைத் தரப்பு மழுப்புகிறது.

முதலில் பணம். ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் வெளியிடும் வரவு செலவுக் கணக்குப்படி 2023-24இல் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 10.4 விழுக்காடு. நாடு முழுவதற்கும் அது 4.5. அது ஒன்றியத்துக்குள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு, தனி நாட்டின் கணக்கல்ல என்பது பதில். நியாயமான பதில், முழுமையான பதிலல்ல. இன்று லண்டனிலிருந்து வரும் நிதி, இங்கிலாந்தில் கூடும் செலவுக்கு ஏற்ப மக்கள்தொகை விகிதத்தில் கூடும் 'பார்னெட் சூத்திரம்' வழியாக வருகிறது. தலைக்கு இங்கிலாந்தைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. பல்கலைக்கழகக் கட்டணமும் மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லாமல் அங்கே ஆட்சி நடப்பதில் இதற்கும் பங்குண்டு.

எண்ணெய்? 1970களில் வட கடல் எண்ணெய்தான் எஸ்.என்.பி.யை வளர்த்தது. 2013 நவம்பரில் வெளியிட்ட விடுதலை வெள்ளை அறிக்கை, பீப்பாய் 110 டாலருக்குச் சற்று மேலே இருக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு மார்ச்சில் விடுதலை நாள் குறித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அடுத்து நாணயம். ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் இன்றும் சொந்தமாகப் பவுண்டு நோட்டு அச்சிடுகின்றன. லண்டன் கடையில் அதை நீட்டினால் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். நோட்டு அவர்களுடையது, பின்னால் நிற்பது இங்கிலாந்து வங்கி. 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பிரிந்தால் பவுண்டைப் பங்குபோட மாட்டோம் என்று அறிவித்தார். அன்றிலிருந்து 'முதலில் பவுண்டு, பிறகு சொந்த நாணயம்' என்பது வரை வந்திருக்கிறார்கள். அந்த 'பிறகு' எப்போது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்.

மூன்றாவது எல்லை. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதியில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஐக்கிய இராச்சியத்தின் மற்றப் பகுதிகளுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால், 154 கிலோமீட்டர் எல்லை நெடுக இங்கிலாந்தோடு சுங்கச் சோதனை வரும். பிரெக்ஸிட் தவறு என்பதற்கு அவர்கள் அடுக்கும் காரணங்கள் எல்லாம் அவர்களுக்கு எதிராகவே திரும்புகிற இடம் இது. ஸ்பெயின் தடுக்கும் என்ற பயம் மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. லண்டன் சம்மதத்தோடு சட்டப்படி பிரிந்தால் எதிர்க்க மாட்டோம் என்று 2018இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சொன்னார்.

அணு ஆயுத நீர்மூழ்கிகள்?

பிரிட்டனின் அணு ஆயுதம் முழுவதும் கிளாஸ்கோவுக்கு மேற்கே, ஃபாஸ்லேன் தளத்திலும் பக்கத்தில் கூல்போர்ட்டிலும் இருக்கிறது. எஸ்.என்.பி. அதை அகற்ற வேண்டும் என்கிறது, ஆனால் நேட்டோவில் இருப்போம் என்று 2012இல் கொள்கையை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் அதே மாதிரி ஆழமான கடற்கழியும் ஏவுகணைக் கிடங்கும் தயாராக இல்லை. பேச்சுவார்த்தை வந்தால் எடின்பரோவின் கையில் இருக்கும் பெரிய துருப்புச்சீட்டு இதுதான்.

மன்னர்?

இருப்பார், எஸ்.என்.பி. கொள்கைப்படி. முடி ஒன்றானது 1603, நாடு ஒன்றானது 1707. பின்னதை மட்டும் பிரிக்கலாம். பசுமைக் கட்சிக்குக் குடியரசு வேண்டும்.

2024 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் எஸ்.என்.பி. 9 இடத்துக்குச் சரிந்ததே, கோரிக்கை செத்துவிட்டதா?

கட்சி அடி வாங்கியது. ஸ்டர்ஜனின் பதவி விலகல், கட்சி நிதி பற்றிய காவல்துறை விசாரணை, அவருக்குப் பின் முதலமைச்சரான ஹம்சா யூசஃப் ஓராண்டு கடந்ததுமே விலகியது, மருத்துவமனைக் காத்திருப்பு, தீவுகளுக்கான படகு கட்டுவதில் தாமதம் என்று பட்டியல் நீளம். ஆனால் விடுதலை ஆதரவு கருத்துக்கணிப்புகளில் அதே அளவில் விழவில்லை. பாதிக்குச் சற்றுக் கீழே, சில சமயம் சற்று மேலே, அங்கேயே நிற்கிறது. இளையவர்களிடம் அதிகம், ஓய்வூதியக்காரர்களிடம் குறைவு. கட்சியின் மேல் இருக்கும் கோபத்தையும் கொள்கையின் மேல் இருக்கும் பற்றையும் வாக்காளர் தனித்தனியே வைத்திருக்கிறார்.

தமிழர்கள் இதை ஏன் இவ்வளவு கவனிக்கிறார்கள்?

காரணம் தெரிந்ததுதான். இந்தியாவில் 1963இன் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு பிரிவினை கேட்டுத் தேர்தலில் நிற்க முடியாது. தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. இலங்கையில் 1983இன் ஆறாவது திருத்தம் தனிநாட்டுக்கு எதிராகச் சத்தியப்பிரமாணம் கேட்டது, அதைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். ஸ்காட்லாந்திலோ பிரிவினை கேட்கும் கட்சியே ஆட்சி நடத்துகிறது, அதன் உறுப்பினர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள். ஏக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அதே லண்டன் 1916இல் டப்ளின் நகரத்துக்குள் பீரங்கியால் சுட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபடி வாக்கெடுப்பு எப்போது?

லண்டன் சம்மதிக்கும்போது. அதற்கு இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரிகின்றன. வெஸ்ட்மின்ஸ்டரில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் எஸ்.என்.பி.யின் ஆதரவு ஒரு பிரதமருக்குத் தேவைப்பட வேண்டும். அல்லது ஆதரவு 60 விழுக்காட்டைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது நடந்தால் மறுப்பவர்களுக்கே சங்கடமாகிவிடும்.

பிரிந்தால் பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடி என்ன ஆகும்?

சட்டப்படி மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார்கள். அதில் இருக்கும் நீலமும் வெள்ளைக் குறுக்குப் பட்டைகளும் ஸ்காட்லாந்தின் பங்கு, எடுத்துவிட்டால் சிவப்பும் வெள்ளையும்தான் மிஞ்சும். 2014இல் பலர் வரைந்து பார்த்தார்கள். கொடியில் இதுவரை இடமே கிடைக்காத வேல்ஸின் டிராகனைச் சில படங்களில் நடுவே உட்கார வைத்திருந்தார்கள்.